பிணைச்சல் வெட்டிய மாஸ்டர்

எங்கள் ஊர்ப் பெயரிலேயே ஒரு வெட்டு இருக்கிறது. உப்பு ஏற்றிப் போவதற்காகத் தொண்டைமான் என்ற தலைவன் வெட்டுவித்த ஆறு இது, அதனால்தான் தொண்டைமானாறு என்று பெரியவர்கள் சொல்லுவார்கள். அவன் வெட்டியது ஆற்றை. நான் வெட்டப் புறப்பட்டது என் வீட்டுக் கேற்றின் இரண்டு பிணைச்சல்களை. அவனுக்கு ஊரின் பெயரில் இடம் கிடைத்தது. எனக்குக் கண் கிளினிக்கின் வாங்கில் இடம் கிடைத்தது.

எல்லாம் அந்த உப்பு செய்த வேலை. ஆற்று வாயிலில் இருக்கிற தடுப்பணை கடல்நீரை மறிக்கும். கடற்காற்றை ஆர் மறிக்கிறது? அது நேரே வந்து என் கேற்றில் குடியேறிவிட்டது. கறள் ஏறி ஏறிப் பிணைச்சல் இரண்டும் பாணுக்குள் வைத்த பேரீச்சம்பழம் மாதிரி ஊதிப்போயின. கேற்றைத் திறந்தால் அது ஒப்பாரி வைக்கும். "மாஸ்டர் சந்தைக்கு வெளிக்கிட்டிட்டார்" என்று நாலு வீடு தள்ளியும் தெரிந்துவிடும். எண்ணெய் விட்டேன், தேங்காய்நாரால் தேய்த்தேன், ஒருநாள் ஏசியும் பார்த்தேன். அசையவில்லை.

ஜெர்மனியில் இருக்கிற மச்சானிடம் இந்தத் துயரத்தைச் சொன்னது நான் செய்த முதல் பிழை. "அத்தானுக்கு ஒரு ஃபிளெக்ஸ் போட்டு விடுறன்" என்றான். ஃபிளெக்ஸ் என்றால் எனக்குத் தெரிந்தது சந்தியில் கட்டுகிற பதாகை. 32 வருஷம் கணிதம் படிப்பித்து ஓய்வுபெற்றவனுக்குப் பாராட்டு அடித்து அனுப்புகிறான் என்று நினைத்து, ஒரு நல்ல படம் தேடி எடுத்து வைத்தேன். பெட்டி வந்தது. திறந்தால் சொக்கிலேற்றுக்கும் சவர்க்காரத்துக்கும் நடுவே ஒரு இரும்பு மெஷின்.

பிறகுதான் விஷயம் விளங்கியது. இப்படி வேகமாகச் சுற்றுகிற சாமானை 1954 இல் முதன்முதல் செய்தது ஜெர்மனியில் ஸ்டைன்ஹைம் என்ற ஊரில் இருந்த ஆக்கர்மன் ஷ்மிற் கம்பனி. ஃபிளெக்ஸ் அவர்களுடைய பெயர். அந்தப் பெயரை ஜெர்மன்காரர் வினைச்சொல்லாகவே ஆக்கிவிட்டார்கள்: இரும்பு வெட்டுவதை ஃபிளெக்ஸன் என்பார்கள். நம்மிடத்தில் அதற்குக் கிறைண்டர் என்று பெயர். அந்தப் பெயரைக் கேட்டவுடன் என் மனைவி உழுந்து ஊறப் போட்டுவிட்டார்.

பெட்டியில் மெஷினோடு ஐந்து உபரிச் சாமான் இருந்தன. உபரி என்றது என் கணிப்பு. தட்டின் அரைவாசியை மூடுகிற இரும்பு மூடி, பக்கத்தில் திருகுகிற கைபிடி, இரண்டு முளை வைத்த சாவி, கண்ணை முழுக்க மூடுகிற கண்ணாடி, பல பாஷைகளில் ஒரு புத்தகம். அந்தப் பல பாஷைகளில் தமிழ் இல்லை. ஆகவே புத்தகம் ஆடுகிற மேசைக் காலுக்குக் கீழே போனது. கைபிடியைப் பேரன் எடுத்து, மைக்காகப் பிடித்துக்கொண்டு செல்வச்சந்நிதிக் கோயில் திருவிழா அறிவித்தல் செய்தான். சாவி எனக்கு முதுகு சொறிய வாய்த்தது. இரண்டு முளையும் தோள்பட்டைக்கு இடையில் சரியாகப் பொருந்தும். கண்ணாடியும் பேரனிடமே போனது. மூடியை நான் கழற்றிப் போட்ட கதைக்கு வருகிறேன்.

அனுப்பிய தட்டுகள் 5 அங்குலம், 1 மில்லிமீற்றர் தடிப்பு. அப்பளம் மாதிரி இருந்தது. அவ்வளவு தடித்த பிணைச்சலை இந்த அப்பளமா வெட்டும்? கடைக்குப் போய் 7 அங்குலத் தட்டு ஒன்று வாங்கிவந்தேன். நடு ஓட்டை ஒரே அளவு, அழகாக இருந்தது. மூடிதான் இடம் கொடுக்கவில்லை. அதனால் மூடிக்கு இடம் கொடுக்கவில்லை நான். அன்று மத்தியானமே அது அடுப்படியில் சோற்றுச் சட்டிக்குத் திருகணையாக உத்தியோகம் ஏற்றுக்கொண்டது.

சாரத்தை மடித்துக் கட்டி, மெஷினைத் தூக்கிக்கொண்டு கேற்றடிக்குப் போனேன். அந்த நேரம் பார்த்து றோட்டால் வந்த வெல்டிங் கடைப் பெடியன் மோட்டார்சைக்கிளை நிப்பாட்டினான். என்னிடம் கணிதம் படித்தவன். படித்தவன் என்பது மரியாதைக்கு. கடைசித் தவணையில் 28 எடுத்தவன்.

"சேர், மெஷினில என்ன நம்பர் கிடக்கு?"

"11,000."

"தட்டில?"

கண்ணாடியை மூக்கில் இறக்கிப் பார்த்தேன். "8,500."

"எது சேர் பெரிசு?"

32 வருஷம் சமனிலி படிப்பித்தவனைப் பார்த்து இந்தக் கேள்வியை ஒரு 28 புள்ளிக்காரன் கேட்டான். மெஷின் நிமிஷத்துக்கு 11,000 தரம் சுற்றும், தட்டு தாங்குவது 8,500 தான், மிச்சத்தைத் தட்டு தாங்காது, உங்கள் வயிறு தாங்கவேண்டி வரும் என்று அவன் விளக்கி, பெரிய தட்டைப் பறித்துத் தன் சீற்றுக்குக் கீழே செருகிக்கொண்டு போய்விட்டான்.

அன்று இரவு நித்திரை வரவில்லை. எழும்பிக் கொப்பி எடுத்துக் கணக்குப் போட்டேன். வட்டத்தின் பரிதி, 22 இன் கீழ் 7 ஐ விட்டத்தால் பெருக்கவேண்டும். எத்தனை ஆயிரம் பிள்ளைகளுக்குச் சைக்கிள் சில்லையும் கிணற்றுக் கட்டையும் வைத்துப் படிப்பித்தேன். 5 அங்குலம் என்றால் 125 மில்லிமீற்றர். 11,000 சுற்றில் தட்டின் விளிம்பு மணிக்கு 259 கிலோமீற்றர் ஓடுகிறது. 7 அங்குலத்துக்கு 373. யாழ்தேவி ரயில் கனவிலும் காணாத வேகம். இந்தத் தட்டுகளின் எல்லை செக்கனுக்கு 80 மீற்றர், அதாவது மணிக்கு 288. தட்டு இரும்புமல்ல, உராய்வுத் தூளைப் பிசினால் பிணைத்து, நடுவில் கண்ணாடிநார் வலை வைத்து அழுத்திய வட்டம். அது உடைந்தால் துண்டு எங்கே போகும் என்பதற்குப் பதில்தான் நான் சோற்றுச் சட்டிக்குக் கீழே வைத்திருந்த மூடி.

விடிந்ததும் மூடியை எடுத்தேனா? இல்லை. சட்டி சூடாக இருந்தது.

சின்னத் தட்டைப் பூட்டினேன். அது 2022 பங்குனிக் கடைசி. நாட்டில் ஒரு நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு என்று அறிவித்த காலம். மேல் பிணைச்சலில் ஒரு கீறு போட்டிருப்பேன், கரண்ட் போய்விட்டது. மெஷினை விறாந்தையில் வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடித்தேன், சாப்பிட்டேன், படுத்தேன். இந்த மெஷினின் சுவிச் முன்னுக்குத் தள்ளினால் கொளுவிக்கொண்டு நிற்கிற வகை. கரண்ட் போனது மெஷினுக்குத் தெரியும், சுவிச்சுக்குத் தெரியாது.

இரவு கரண்ட் வந்தபோது விறாந்தையில் பேய் புகுந்தது. மெஷின் சீமெந்தில் துள்ளி, தன் வயரையே சுற்றிக்கொண்டு, என் செருப்பொன்றைக் கிழித்து, தூணில் மோதி, திரும்பி என்னைப் பார்த்து வந்தது. நான் கதிரையில் ஏறி நின்று முருகனைக் கூப்பிட்டேன். மனைவி உள்ளே போய்ப் பிளக்கை இழுத்தார்.

"சுவிச்சை நிப்பாட்டாமலோ வைச்சனீங்கள்?"

"கரண்ட் இல்லைத்தானே."

"அப்ப உங்கட பென்சனும் ஒரு மாசம் வராட்டி, பிறகு வராதெண்டோ நினைப்பியள்?"

அடுத்த முறை சுவிச் விஷயத்தில் கவனமாக இருந்தேன். ஆகவே பிழை வேறு பக்கத்தால் வந்தது. பொறி பறக்கிற திசையை நான் பார்க்கவில்லை, கிடுகு வேலி பார்த்தது. புகை கிளம்ப, அரிசி கழுவிய தண்ணீரால் அணைத்தோம். சாரத்தில் பதினெட்டு ஓட்டை; வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நட்சத்திரக் கூட்டம். இதெல்லாம் சில்லறை. அன்று இரவு வலது கண்ணுக்குள் மணல் விழுந்தது போல உறுத்தியது. பன்னீர் விட்டேன். விடியக் கண் கோவைப்பழம்.

கண் கிளினிக்கில் நாடியைக் கருவியில் வைக்கச் சொல்லி, வைத்தியர் உள்ளே பார்த்தார். பொறி என்பது எரிகிற இரும்புத் தூள். அதிலொன்று கருவிழியில் குத்தி, ஓர் இரவுக்குள் தன்னைச் சுற்றிக் கறள் வளையம் கட்டிவிட்டதாம். கேற்றில் மூன்று வருஷம் பிடித்த வேலையைக் கண்ணில் ஒரே இராத்திரியில் முடித்துவிட்டது.

"வேலை செய்யேக்க கண்ணாடி போட்டனீங்களோ?"

"போட்டனான் டொக்டர்."

"என்ன கண்ணாடி?"

"வாசிக்கிற கண்ணாடி."

மரத்துப்போக மருந்து விட்டு, ஊசி நுனியைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுவந்தபடி கேட்டார்: "என்னத்தை வாசிச்சனீங்கள்?"

அதற்குப் பிறகு மெஷின் அலுமாரிக்கு மேலே போனது. கேற் ஒப்பாரியைத் தொடர்ந்தது. போன வருஷம் ஒருநாள் அது முழுதாகவே திறக்க மறுத்து, நான் மதிலால் ஏறிச் சந்தைக்குப் போகவேண்டி வந்தபோதுதான் மறுபடி இறக்கினேன். இந்த முறை பெடியனையும் கூப்பிட்டேன்.

மிச்சமிருந்த தட்டுகளை மனைவி முதலில் கையில் வாங்கினார். பாண் வாங்கினாலும் திகதி பார்க்கிற மனிசி. நடு ஓட்டையைச் சுற்றியிருந்த தகர வளையத்தை வெளிச்சத்தில் திருப்பி, "இது முடிஞ்சு எட்டு மாசம்" என்றார். தட்டுக்குத் திகதியா என்று சிரித்தேன். பெடியன் சிரிக்கவில்லை. பிசின் ஈரத்தைக் குடித்துப் பழசாகும், செய்த நாளிலிருந்து மூன்று வருஷக் கணக்கு, எங்கள் ஊர்க் காற்றுக்கு அலுமாரியின் மேல்தட்டும் கடற்கரைதான் என்றான். புதுத் தட்டு வாங்கினோம். 5 அங்குலம், 12,250. எது பெரிது என்று அவன் கேட்கும் முன்னமே நான் சொல்லிவிட்டேன்.

மூடியைச் சட்டிக்குக் கீழிருந்து மீட்டோம். அதில் கஞ்சி காய்ந்திருந்தது. கைபிடிக்காகப் பேரனுக்குச் சொக்கிலேற் கொடுத்தோம். அவன் சாமான்களுக்குள் கிடந்த கண்ணாடியையும் எடுத்து மாட்டிக்கொண்டேன். சாவியை முதுகிடமிருந்து பிரித்தேன். சாரத்தைக் கழற்றிப் பள்ளிக்கூடக் காலத்து நீட்டுக்காற்சட்டையைப் போட்டேன். இடுப்பு ஒத்துழைக்கவில்லை, வயிற்றை மேலே எடுத்துக் கட்டினேன். தூசுக்கு வாயில் வெள்ளைத் துணி கட்டினேன். செல்வச்சந்நிதியில் பூசை செய்கிற கப்பூகர் வாய் கட்டித்தான் செய்வார்; அங்கே மந்திரமும் இல்லை, சத்தமும் இல்லை. என் வாயைக் கட்டிய கோலத்தைப் பார்த்து, "இப்பிடியே கொஞ்ச நாளைக்கு இருங்கோ" என்று மனைவி பக்தியோடு கேட்டுக்கொண்டார்.

பெடியன் முதலில் கேற்றுக்குக் கீழே ஒரு தென்னங்குற்றியை அடைகொடுத்தான். நான் அதை அலங்காரம் என்று நினைத்தேன். வெட்டிக்கொண்டு போகையில் கேற்றின் பாரம் இறங்கினால் வெட்டு வாய் மூடித் தட்டைக் கவ்வும். கவ்வினால் மெஷின் கையை விட்டுப் பின்னுக்குப் பாயும். வெட்டு வாய் திறந்துகொண்டே போகவேண்டும் என்றான். பிறகு தட்டுக்கு நேரே நில்லாமல் ஒரு பக்கமாக நின்று, ஒன்றையும் தொடாமல் ஒரு நிமிஷம் சும்மா ஓடவிட்டான். உடைகிற புதுத் தட்டு அனேகமாக அந்த நேரத்திலேயே உடைந்துவிடுமாம். உடையவில்லை. வேலியை நனைத்தோம், வாளியில் தண்ணீர் தயார்.

மேல் பிணைச்சலை நான் வெட்டினேன். இரண்டு கையாலும் பிடித்து, அழுத்தாமல், சரிக்காமல். ஒரு நிமிஷம் பிடித்திருக்காது. நிப்பாட்டிய பிறகும் தட்டு சுற்றிக்கொண்டே இருந்தது. அது ஓயும்வரை மெஷினைக் கீழே வைக்காமல், பச்சைக்குழந்தையை ஏந்துவது போல நின்றேன். மதிலுக்கு அப்பால் நாலு தலை தெரிந்தது.

கீழ்ப் பிணைச்சலுக்கு முதுகு குனியவில்லை. மெஷினைப் பெடியனிடம் கொடுத்தேன். அவன் வழக்கம்போல் வெறுங்கண்ணோடு குனிந்தான். எனக்குப் பொல்லாத கோபம். 28 புள்ளிக்காரனுக்கு இவ்வளவு தெரிந்தும் இது தெரியாதா? "கண்ணாடி போடாமல் தொடப்படாது!" என்று வாய்த்துணியையும் மீறிக் கத்தி, நான் போட்டிருந்த கண்ணாடியைக் கழற்றி அவன் தலையில் மாட்டிவிட்டேன்.

அவன் அதைக் கழற்றித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். றப்பர் வாரை இழுத்து விட்டான்.

"சேர், இது நீந்துற கண்ணாடி."

அப்போதுதான் பேரன் ஆற்றடியிலிருந்து ஈரத்தலையோடு வந்து சேர்ந்தான். நெற்றியில் ஜெர்மன் கண்ணாடி. "அப்பப்பா, இதுக்குள்ள ஒரே தண்ணி போகுது" என்று முறைப்பாடு சொன்னான்.