மிதிக்கத்தானப்பு கல்லு

உக்காரு அப்பு. என்னமோ புள்ளைகள வச்சு தோட்டத்துக்கு மிதிகல்லு செஞ்சு, உங்க அப்பத்தாளுக்குப் பரிசாக் குடுக்கப் போறியாமே? நல்லது. பொட்டி வாங்கிட்டியா? அதானே, பொட்டி இல்லாம இப்ப எவன் வேலை பாக்குறான்?

போன முழுப்பரீட்சை லீவுக்கு எம் மகனும் மெட்ராசுலேர்ந்து ஒரு பொட்டியோடதான் வந்தான். உள்ள ரெண்டு கிலோ சிமெண்டுக் கலவை. ஒரு பிளாஸ்டிக் அச்சு. கண்ணாடி மணி ஒரு பொட்டலம். படிக்க ஒரு புஸ்தகம். கலக்க ஒரு குச்சி. குச்சிங்கறேன்! வேப்பமரத்தடியில உக்காந்துக்கிட்டு, தபால்ல வந்த குச்சியப் பிரிக்கிறான் எம் புள்ள. அந்தக் காசுக்கு மூணு மூட்டை சிமெண்டு எடுக்கலாம். மூட்டை 50 கிலோ. கணக்க நீயே போட்டுக்க.

பொட்டி மேல ஒரு பூப் படம். எங்கயோ பாத்த பூவா இருக்கேன்னு கண்ணாடியப் போட்டுப் பாத்தா, நம்ம ஆத்தங்குடிக் கல்லுப் பூ! காரைக்குடியில பஸ் ஏறுனா ஆத்தங்குடி. கொல்லன் தெருவுல ஊசி வித்த கதை தெரியுமில்ல? இவன் கொல்லன் தெருவுக்கே தபால்ல ஊசி வரவச்சவன்.

ஆத்தங்குடிக் கல்லு எப்படிச் செய்யுறாகன்னு நீ பாத்திருக்கியா? பாத்திருக்க மாட்ட. பெரிய வீட்டு முகப்புல நின்னு படம் பிடிச்சுட்டுப் போயிருப்ப. தேக்கு பர்மாவுலேர்ந்து வந்துச்சு, சலவைக்கல்லு இத்தாலியிலேர்ந்து வந்துச்சுன்னு வழிகாட்டுறவன் சொல்லியிருப்பான். காலுக்குக் கீழ கெடக்குறது பக்கத்து ஊரு மண்ணுன்னு சொன்னானா?

அதுக்குச் சூளையும் கெடையாது, நெருப்பும் கெடையாது. ஒரு கண்ணாடித் துண்டு. அது மேல இரும்புச் சட்டம். சட்டத்துக்குள்ள பூ அச்சு. அச்சுல இருக்க ஒவ்வொரு கட்டத்துலயும் வண்ணச் சாந்த கரண்டியால மொண்டு ஊத்துவாக. தோசை ஊத்துற நேரந்தான். அப்படியே அச்சத் தூக்குனா பூ நிக்கும். மேல சிமெண்டும் மணலும் உலர்வாத் தூவி, ஈரம் உறிஞ்சுனதும் கலவையப் போட்டு மட்டம் தட்டுவாக. பொறவு காய வச்சு, தண்ணித் தொட்டியில நாள்கணக்கா ஊறப் போடுறது. கண்ணாடியப் பிரிச்சா, அதோட வழுவழுப்பு கல்லுல ஒட்டிக்கிட்டு வரும். மிச்ச மினுமினுப்பு? நடக்க நடக்க, தொடைக்கத் தொடைக்க, காலடியில ஏறுறது.

நான் அம்பது வருசம் கொத்துக்கரண்டி பிடிச்சவன். எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டானா? புஸ்தகத்தக் கேட்டான். 24 மணி நேரம்னு போட்டிருந்துச்சாம். அக்கினி நட்சத்திர வெயில்ல மொட்டமாடியில காய வச்சான். மறுநா எடுத்தான், ரெண்டாப் போச்சு. ஏண்டா, சிமெண்டு என்ன வடாமா, வெயில்ல காய வைக்க? அது தண்ணி குடிச்சுத்தான் இறுகும். இஞ்சினியரு கான்கிரீட்டு பலத்த 28-வது நாளுதான் சோதிச்சுப் பாக்குறாரு. இவுகளுக்கு மறுநாளே வேணும்.

பேத்தி மூஞ்சி வாடிப் போச்சு. சரி வா ஆத்தான்னு நான் எறங்குனேன். பழைய கண்ணாடி ஒண்ணு, ஓரம் மழுக்குனது. சிவப்பும் மஞ்சளும் கலக்கிக் குடுத்தேன். கண்ணாடி மேல கொழகொழன்னு 'அப்பத்தா'ன்னு எழுதுனா. நான் வாயத் தொறக்கல. தெரியாமயா? எல்லாம் தெரியும். ஒரு வாரம் ஊறப் போட்டுப் பிரிச்சா, எழுத்து அத்தனையும் திரும்பி நிக்குது! செத்த நேரம் உத்துப் பாத்தா. உள்ள ஓடுனா. முகம் பாக்குற கண்ணாடிய எடுத்தாந்து எதிர்க்கப் பிடிச்சுப் படிச்சுட்டு, விழுந்து விழுந்து சிரிச்சா. இது எந்தப் பொட்டியில வரும் அப்பு?

அந்தக் கல்லு இப்ப தண்ணிப் பானைக்கு அடியில இருக்கு. வெளிய போடல. மழமழன்னு இருக்குறத கெணத்தடி ஈரத்துல போட்டு, கெழவி இடுப்ப ஒடிக்கவா? வெளிய போடுற கல்லுக்குச் சொரசொரப்பு வேணும்.

அதனால ரெண்டாவது கல்லு. சிமெண்டு ஒண்ணு, மணல் மூணு. தண்ணி கொஞ்சமா, கையில உருட்டுனா உருண்டை நிக்கணும். ஓட்டைச் சட்டியில எண்ணெயத் தடவி ரெண்டு அங்குல கனத்துக்கு அமுக்கியாச்சு. விளக்கமாத்தால லேசா ஒரு கோடு. ஒண்ணு மட்டும் வேடிக்கையாச் சொல்லல, கேட்டுக்க. ஈரச் சிமெண்டு காரம். புள்ளைக கையப் பொத்துப் போடும். ரப்பர் உறை மாட்டிவிடு, கலக்குறப்ப தூசிய மூக்குல ஏத்த விடாத. கண்ணாடி மணி மறந்தாலும் இத மறக்காத.

பேத்தி இப்ப ஆணியால கீறுனா. 'அப்பத்தா'. நேரா. கீழ அவ பேரு. பத்து நா தண்ணி காட்டி, கெணத்தடிச் சேத்துல மணலப் பரப்பி, நானே பதிச்சுக் குடுத்தேன். எல்லாரும் ஊருக்குப் போயிட்டாக.

நம்ம கெழவி மிதிக்கணுமே! காயிதம் கால்ல பட்டாலே தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிறவ. பேத்தி பேர மிதிப்பாளா? நானும் விடல. "அடியே, கோயில் படியில உபயம்னு பேரு வெட்டி வச்சிருக்காக. அத அம்புட்டுச் சனமும் மிதிச்சுத்தானே போவுது?"ன்னேன். "அது சாமி கும்பிடப் போறவுக காலு. நான் போறது துணி தொவைக்க"ன்னுட்டா. அம்பது வருசமா அவகிட்ட நான் செயிச்சதில்ல.

எழுத்து வேணாம், புள்ள பாதத்தப் பதிச்சா என்னன்னு கேக்குறியா? நல்லாக் கேட்ட. கிருஷ்ண ஜெயந்திக்கு அரிசி மாவுல வாசல்லேர்ந்து கண்ணன் காலு போடுறாளே, அத எவளாவது மிதிச்சுப் பாத்திருக்கியா? பேசாம ஒரு எலைய வச்சு அமுக்கு. ஆமணக்கு எல நல்லா நரம்பு விழும். வேப்பெல வேணாம், மாரியாத்தா எங்கூடச் சண்டைக்கு வருவா.

இப்ப ஐப்பசி மழை. கெணத்தடி சகதியாக் கெடக்கு. நடுவுல அந்தக் கல்லு, கழுவி விட்ட மாதிரி பளிச்சுன்னு. அதச் சுத்திச் சேத்துக்குள்ள ஒரு ஒத்தையடித் தடம் விழுந்திருக்கு.