பீப்பி வாக்கு: பூவரசங்குளத்துச் சபை விதிகளுக்கு ஒரு விளக்கவுரை

வவுனியா–மன்னார் வீதியிலுள்ள பூவரசங்குளத்தில், இடைவேளையைப் பத்து நிமிடம் நீட்டும் சட்டமூலம் நிறைவேறியதா என்பது இன்னும் தீராத வழக்கு. மாணவர் பாராளுமன்றம் கூடி, முதலாம் வாசிப்பும் இரண்டாம் வாசிப்பும் முடிந்தன. இரண்டிலும் ஒருவரும் எதையும் வாசிக்கவில்லை. இது கோட்டேப் பாராளுமன்ற மரபுக்கு முற்றும் ஒத்ததே. பின்பு சபாநாயகர், தரம் 11 மாணவி, குரல் வாக்கெடுப்புக்கு விட்டார்.

விதிப்படி ஆதரிப்போர் ‘ஆம்’ எனல் வேண்டும். வன்னியில் வாயால் ‘ஆம்’ சொல்லும் மனிதரை இவ்வாய்வாளர் கண்டதில்லை. எழுந்தது ‘ஓம்’. இது சம்மதமா, பிரணவமா என்று எதிர்க்கட்சி ஒழுங்குப் பிரச்சினை கிளப்பியதை விட்டுவிடலாம். பின்வாங்கிலிருந்து ‘பீ...ப்’ என்று நீண்ட ஒரு சத்தம் வந்ததே, அதுதான் சிக்கல். பூவரசம் இலையைச் சுருட்டி, ஒரு முனையை நசுக்கி ஊதிய பீப்பி.

இது வாக்கா? உரைகாரர் இரு திறத்தர். குரல் மிடற்றில் பிறப்பது, இலையில் பிறப்பது வெறும் ஓசை, ஆகவே செல்லாது என்பர் ஒரு சாரார். ஊதிய மூச்சு உறுப்பினருடையதா, மரத்தினுடையதா என்பர் மறுசாரார். பின்னவர் வாதமே வலிது. ஆயினும் பீப்பி சொன்னது ஓமா இல்லையா என்று கேட்டால் அவர்களும் வாய் திறப்பதில்லை.

முன்னுதாரணம் உண்டு. 2018 நவம்பர் 14இல் பெருங்கூச்சலுக்கு நடுவே, மகிந்த ராஜபக்சவுக்கு எதிரான நம்பிக்கையில்லாப் பிரேரணை குரல் வாக்கால் நிறைவேறியதாகச் சபாநாயகர் கரு ஜயசூரிய அறிவித்தார். ஜனாதிபதி ஏற்கவில்லை. இரண்டு நாள் கழித்துச் சபையில் மிளகாய்த்தூள் பறந்தது. அதனோடு பார்த்தால் பீப்பி மிகப் பண்பட்ட கருவி.

அடுத்தது மணி. 225 பேர் கொண்ட கோட்டேச் சபைக்கு 20 பேர் இருந்தால் போதும். குறைந்தால் அங்கே மணி அடித்து ஆள் சேர்ப்பார்கள். இங்கே மணியின் குணம் நேரெதிர். சபாநாயகர் முடிவைச் சொல்ல வாயெடுக்கவும், மாமரத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டில் ‘டாங்’ என்று ஒரு அடி விழுந்தது. புத்தகப்பையோடு சபை கலைந்தது. அரசியலமைப்பின் 79ஆம் உறுப்புரைப்படி சட்டமூலத்தில் சபாநாயகரின் சான்று வேண்டும். சான்றைக் கேட்டால், “ரியூசனுக்கு நேரமாச்சு சேர்” என்றார்.

கடைசியில் பீப்பி உறுப்பினரையே சைக்கிள் கொட்டிலில் மறித்துக் கேட்டேன்.

“தம்பி, நீ ஓமெண்டனியோ, இல்லையெண்டனியோ?”

“நான் சும்மா ஊதினனான் சேர்.”