கோட்டை அழிச்சிட்டு முதல்லேருந்து

வரப்பு வழியாக ஒருதரம் நடந்து போய்க்கொள்கிறேன் என்பதும், நிலத்தை எழுதிக்கொடு என்பதும் வேறு வேறு. இதைக் கடலூர் மாவட்டத்து வளையமாதேவிக்காரர்களுக்கு யாரும் பாடம் நடத்தவேண்டியதில்லை. 2023 ஜூலையில் பரவனாற்றைத் திருப்பிவிடக் கால்வாய் வெட்டுகிறோம் என்று நிலக்கரி நிறுவனமான என்.எல்.சி.யின் இயந்திரங்கள் நெற்பயிர் நின்ற வயலுக்குள் இறங்கியதைப் பார்த்த ஊர். அதனால், அமெரிக்க எஃப்.பி.ஐ. ஒரேயொரு போனைத் திறக்கப் பட்ட பாட்டை இங்கே டீக்கடையில் சொன்னால், டீ ஆறுவதற்குள் புரிந்துவிடும்.

2015 டிசம்பர் 2 அன்று கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோவில் நடந்த தாக்குதலில் 14 பேர் இறந்தார்கள். அதில் சிரிக்க ஒன்றுமில்லை. சிரிப்பெல்லாம் பின்னால் வந்த அதிகாரிகள் உபயம்.

சுட்டவர்களில் ஒருவனிடம் இருந்தது ஐபோன் 5சி. அதுவும் அவன் வேலை பார்த்த மாவட்டச் சுகாதாரத் துறை கொடுத்த சர்க்கார் போன். நான்கு இலக்கப் பூட்டு என்றால் மொத்தம் 10,000 எண்கள்தான். ஆனால் பத்துமுறை தப்பாகப் போட்டால் உள்ளே இருப்பதெல்லாம் காலியாகும்படி வைத்திருக்கலாம். சரி, பழகிய வைஃபை உள்ள இடத்தில் சார்ஜரில் செருகிவைத்தால் தானே ஐகிளவுடில் நகல் எடுத்துக்கொண்டிருக்குமே? எடுத்திருக்கலாம். அதற்குள் எஃப்.பி.ஐ. கேட்டுக்கொண்டபடி மாவட்ட அலுவலகத்தார் ஐகிளவுட் பாஸ்வேர்டை மாற்றிவைத்துவிட்டார்கள். கொல்லைப்புறக் கதவுக்குத் தானே தாழ்போட்டுவிட்டு, வாசலில் நின்று கூப்பாடு.

அடுத்து கோர்ட். 2016 பிப்ரவரி 16 அன்று, 1789ஆம் வருடத்துச் சட்டம் ஒன்றைத் தூசிதட்டி எடுத்து, பூட்டைத் தளர்த்தும் மென்பொருளை ஆப்பிளே எழுதித்தர வேண்டும் என்று உத்தரவு வாங்கினார்கள். இந்த ஒரு போனுக்குத்தான் என்றார்கள். ஆப்பிளின் தலைமை நிர்வாகி டிம் குக் நம்பவில்லை. வரப்பு கேட்டு வந்தவர் கையில் பத்திரத்தாள் இருந்தால் யார்தான் நம்புவார்?

மார்ச் 21 அன்று, மறுநாள் விசாரணை இருக்கும்போது, ‘வேறு வழி கிடைத்திருக்கிறது’ என்று வாய்தா. ஒரே வாரத்தில் போன் திறந்தாயிற்று. செலவு? எஃப்.பி.ஐ.யின் அப்போதைய இயக்குநர் ஜேம்ஸ் கோமி, தன் பதவியில் மீதமிருக்கும் ஏழு வருடம் நான்கு மாதச் சம்பளத்துக்கும் மேல் என்றார். (அந்தச் சம்பளமும் முழுதாகக் கிடைக்கவில்லை, 2017 மேயில் டிரம்ப் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.) 9 லட்சம் டாலர் என்று செனட்டர் ஃபைன்ஸ்டைன் போட்டு உடைத்தார். திறந்தது ஆஸ்திரேலியாவின் அஸிமத் என்ற சிறு கம்பெனி என்று 2021இல் வாஷிங்டன் போஸ்ட் எழுதியது. உள்ளே உருப்படியாக எதுவும் சிக்கவில்லை.

இதைவிடச் சுவையான பகுதி இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில். நினைவகச் சிப்பைக் கழற்றி நகலெடுக்கும் முறை வேலைக்கு ஆகாது என்று கோமி கைவிரித்திருந்தார். 2016 செப்டம்பரில் செர்கெய் ஸ்கோரோபொகாடோவ் என்ற ஆராய்ச்சியாளர், நூறு டாலருக்குள் கடையில் வாங்கிய சாமான்களை வைத்து, அதே 5சி ரகத்தில் அதைச் செய்து காட்டினார். சில தப்பு எண்களைப் போடு, பழைய நகலைச் சிப்பில் திரும்ப ஏற்று, போனுக்கு எல்லாம் மறந்துபோகும், மறுபடி போடு. ‘வெண்ணிலா கபடிக்குழு’வில் பரோட்டா சூரி, தின்ற கணக்குக்குப் போட்ட கோட்டை அழிக்கச்சொன்ன அதே உத்தி! நான்கு இலக்கத்துக்குச் சுமார் 40 மணிநேரம் போதுமாம்.

2018 மார்ச்சில் அமெரிக்க நீதித்துறையின் இன்ஸ்பெக்டர் ஜெனரல் அலுவலகம் விசாரித்து அறிக்கை வெளியிட்டபோதுதான் உள்வீட்டுக் கதை வெளியே வந்தது. போனை உடைக்கும் வேலையை முக்கால்வாசிக்கு மேல், ஏறக்குறைய 90 சதவீதம், முடித்திருந்த ஒரு ஒப்பந்தக்காரரை எஃப்.பி.ஐ.யின் பக்கத்துப் பிரிவு முன்பே கையில் வைத்திருந்தது. கோர்ட்டுக்கு ஓடியவர்கள் அந்தப் பிரிவை ஒழுங்காகக் கேட்கவில்லை. போன் திறந்ததும், ஆப்பிள் மீதான வழக்கு போயிற்றே என்று ஒரு பிரிவுத் தலைவருக்கு மனத்தாங்கல் வேறு. வயலைத் தாண்டி அக்கரை சேர்ந்த பிறகும், கையிலிருந்த பத்திரத்தாள் வீணாகிவிட்டதே என்ற வருத்தம் அது.