நன்றி நவில்வார்

திருகோணமலையில் ஒருவர் காலமானால், அவருடைய ஆன்மா எந்த உலகத்தைச் சென்றடைந்தது என்பது பற்றிச் சாஸ்திரமறிந்தவர்களுக்குள்ளே அபிப்பிராய பேதம் இருக்கலாம். ஆனால், 31ஆம் நாள் காலையில் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்கோ கடற்கரைக்கோ போய் அந்தியேட்டிக் கிரியைகளை நிறைவேற்றித் திரும்பி, மதியம் பந்தியில் அமர்கின்ற இனசனத்தவரின் கையிலே ‘நன்றி நவிலல்’ என்ற மகுடம் தாங்கிய ஓர் அச்சுப் பத்திரம் வந்து சேர்ந்தே தீரும் என்பதில், உள்துறைமுக வீதி தொடங்கி உவர்மலை வரைக்கும் எவருக்கும் ஐயமில்லை. அந்தப் பத்திரத்தை எழுதிக் கொடுப்பதற்கென்றே குறிச்சிக்கு ஒருவர் இருக்கிறார்.

அவர் பெரும்பாலும் கச்சேரியிலிருந்து இளைப்பாறிய கிளாக்கராக இருப்பார். சட்டைப்பையிலே நீலமும் சிவப்புமாக இரண்டு பேனா. கக்கத்திலே எண்பது பக்கக் கொப்பி. முகத்திலே, துக்க வீடுகளுக்கென்று பிரத்தியேகமாகப் பேணி வரும் ஒரு நிதானம். செத்தவீட்டு முதல் நாளே வந்து பந்தலோரத்துக் கதிரையில் அமர்ந்துவிடுவார். எல்லோரும் பெட்டியைப் பார்த்து அழுதுகொண்டிருக்கையில், அவர் மாத்திரம் படலையைப் பார்த்துக்கொண்டிருப்பார். மலர்வளையத்தோடு வந்தவர் யார், வெறுங்கையோடு வந்தவர் யார், வந்தும் படலையடியிலேயே நின்று கதைத்துவிட்டுப் போனவர் யார் என்பன யாவும் கொப்பியில் ஏறும். கோட்டைப் பக்கத்திலிருந்து ஊருக்குள் உலாவ வரும் மான்களில் ஒன்று பந்தலுக்கு வெளியே சார்த்தி வைத்திருந்த மலர்வளையத்தில் பாதியைத் தின்றுவிட்டபோதும், கொடுத்தவரின் கணக்கில் முழு வளையத்தையே எங்கள் குறிச்சிக் கிளாக்கர் வரவு வைத்தார் என்பது, அவருடைய நீதி பரிபாலனத்துக்கு எடுத்துக்காட்டாக இன்றும் பேசப்படுகிறது.

இந்த வித்தை அவருக்குப் பரம்பரைச் சொத்து. தந்தையார் டொக்யாட்டில் உத்தியோகம் பார்த்தவர். 1957இல் பிரித்தானியக் கடற்படை இத்துறைமுகத் தளத்தை இலங்கை அரசாங்கத்திடம் ஒப்புவித்து வெளியேறிய காலத்திலே, துரை ஒருவர் தட்டச்சில் நாலு வரி நன்றி எழுதி, ஒப்பமிட்டுக் கொடுத்துவிட்டுக் கப்பலேறினாராம். அந்தக் கடுதாசி கண்ணாடிச் சட்டத்துக்குள்ளே, வீட்டு விறாந்தையில், கோணேசப் பெருமான் படத்துக்குச் சரிக்குச் சரியாகத் தொங்குகிறது. தந்தையாருடைய பெயரிலே துரை இரண்டு எழுத்தை விழுங்கியிருக்கிறார். அதைப் பற்றிக் குடும்பத்தில் ஒருவருக்கும் மனத்தாங்கல் கிடையாது. ஊரார் எழுதும் பத்திரத்திலே ஒற்றெழுத்து ஒன்று பிசகினால் மட்டும் ஆறு மாதம் பேச்சுவார்த்தை நின்றுவிடும்.

வாயால் நன்றி சொல்லும் வழக்கம் நம்மவர்க்கு இல்லையென்பது உலகறிந்த சங்கதி. செய்ந்நன்றி அறிதலுக்கென்று ஓர் அதிகாரத்தையே ஒதுக்கி, பத்துக் குறள்களை நெட்டுருப் பண்ணிய சனங்கள்தாம், ஆயினும் அயல்வீட்டுக்காரி ஒரு சட்டி மீன்குழம்பு கொண்டுவந்து தருகையில் ‘நன்றி’ என்று சொல்லிப் பாருங்கள், “என்ன, பிறத்தியாருக்குச் சொல்லுற மாதிரிச் சொல்லுறியள்?” என்று அவள் முகம் சுளிப்பாள். சட்டியை வெறுமையாகத் திருப்பிக் கொடாமல் நாலு மாம்பழத்தையோ ஒரு சுண்டு சீனியையோ போட்டுக் கொடுப்பதே முறை. இலண்டனில் வாழும் பெண்ணொருத்தி ஊருக்கு வந்து கலியாணம் முடித்துப் போய், அந்நாட்டு ஆசாரப்படி அன்பளிப்புத் தந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் கைப்பட நன்றிக் கடிதம் எழுதி அனுப்பியபோது, இங்கே அது விளைத்த விபரீதம் சொல்லுந்தரமன்று. மொய்க் கணக்கென்பது தலைமுறை தலைமுறையாகத் திறந்து கிடக்கவேண்டிய ஒன்று. அதைக் கடிதமெழுதி மூடிவிட்டாளே, இனி எங்கள் வீட்டுக் கலியாணத்துக்கு வரமாட்டாளோ என்று சின்னம்மாமார் இருவர் மெய்யாகவே கலங்கிப்போனார்கள். கிளாக்கர்தாம் தலையிட்டு, அது வெறும் பற்றுச்சீட்டு, கணக்கு முடிப்பன்று என்று விளக்கி அவர்களை ஆற்றுவித்தார்.

ஆகவே, வாழ்நாள் முழுவதும் சொல்லாமல் சேர்த்துவைத்த நன்றிகள் அனைத்தும், மரித்த பின்னர் ஒரே நாளிலே, ஒரே தாளிலே கொட்டப்படுகின்றன. கிளாக்கருக்கு வேலை வருவது அங்கேதான்.

26ஆம் நாள் மாலை அவர் குடும்பத்தைக் கூட்டுவார். காலமானவரின் நினைவாக அச்சிடும் கல்வெட்டுப் புத்தகத்தோடு சேர்த்து அச்சகத்துக்குக் கொடுக்கவேண்டிய தவணை நெருங்கிவிட்டிருக்கும். மூத்த மகள் தொடங்குவாள்: “எங்கட மாமியாக்கள் மூண்டு நாள் சாப்பாடு குடுத்தவை ஐயா. அதைப் பேர் போட்டு எழுதவேணும்.” இளைய மருமகள் சும்மா இருப்பாளா? “அப்ப தேத்தண்ணி முழுக்க எங்கட வீட்டாலதானே வந்தது?” அறையிலே காற்று நின்றுவிடும். கிளாக்கர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டி, சிவப்புப் பேனாவை எடுத்து, “உணவும் பானமும் உவந்தளித்து உபசரித்தோருக்கும்” என்று ஒரே மூச்சில் எழுதி வாசிப்பார். உணவு முன்னே வந்ததில் மூத்தவளுக்குத் திருப்தி. பானத்துக்குத் தனி இடம் கிடைத்ததில் இளையவளுக்குத் திருப்தி. பெயர் ஒன்றும் அச்சேறவில்லை என்பது இருவருக்கும் புத்தகம் கைக்கு வந்த பின்னரே விளங்கும்.

இப்படியே, பணம் முழுவதையும் கனடாவிலிருந்து அனுப்பிவிட்டு வரமுடியாமற்போனவர் ‘தோளோடு தோள் நின்றோர்’ ஆவார். வந்திருந்து, பந்தலை மாற்றிப் போடச் சொல்லி, ஐயரோடு வாதாடி, ஈமக்கிரியையை ஒன்றரை மணித்தியாலம் தாமதப்படுத்தியவரோ ‘தகுந்த ஆலோசனைகள் வழங்கியோர்’ என்ற வகுப்பிலே சேர்க்கப்படுவார். வீதியை ஒழுங்குபடுத்திக் கொடுத்த சிங்களக் கடற்படைக்காரரும், கதிரைகளை வாடகை வாங்காமல் அனுப்பிய முஸ்லிம் முதலாளியும் ‘சகோதர இன நண்பர்கள்’. இந்த ஒரு வரியை எழுதும்போது மட்டும் கிளாக்கர் சூத்திரம் எதையும் புரட்டிப் பாராமல், தாமாகவே பேனாவை ஓட்டுவதை நான் கவனித்திருக்கிறேன்.

பழைய வாசகங்களில் ஒன்றைத்தானும் நீக்க அவர் உடன்படார். தந்தியடிப்பார் இல்லாமற்போன பின்னும் ‘தந்தி மூலம் அனுதாபம் தெரிவித்தோர்’ அவருடைய பத்திரத்திலே நிலைத்து நிற்கிறார்கள். ‘வட்ஸ்அப் மூலமும்’ என்பது அவர்களுக்குப் பின்னால், கடைசியிலே, கொஞ்சம் கூச்சத்தோடு வந்து குந்தியிருக்கிறது. 1930ஆம் ஆண்டு தொட்டு வெளிவரும் வீரகேசரியைப் போன்ற பத்திரிகைக்குக் கொடுப்பதானால், இடத்தை அளந்து காசு கேட்பார்களாகையினால், அதற்கென ஒரு சுருக்கப் பிரதி உண்டு. அதில் வெட்டுண்டவர்களைக் கல்வெட்டுப் பிரதியைக் காட்டிச் சமாதானம் செய்வார்; கல்வெட்டிலும் வெட்டுண்டவர்களுக்கென்றே கடைசி வாக்கியம்: ‘இன்னும் பல வழிகளிலும் உதவிய, பெயர் குறிப்பிடத் தவறிய அனைவருக்கும்.’ இதற்கு அவர் இட்ட பெயர் நங்கூரம். அதைப் போட்டுவிட்டால் எந்தக் காற்றுக்கும் கப்பல் அசையாது என்பது அவர் துணிபு. நான் கண்ட மட்டில் அசைந்துகொண்டுதான் இருக்கிறது. அந்தப் பத்திரத்தைக் கையில் எடுப்பவர் எவரும் பிறர்க்குச் சொல்லப்பட்ட நன்றியை வாசிப்பதில்லை, தம்மைத் தேடுகிறார்கள். கிடையாதபோது நங்கூரத்துக்குள்ளே தாமும் அடக்கம் என்று கொள்வதற்கு மனிதருக்கு மனம் வருவதில்லை.

அண்மையிலே ஒரு வதந்தி பரவிற்று: தமது சொந்த மரணத்துக்கான நன்றி நவிலலையும் கிளாக்கர் எழுதி, திகதிக்கு மட்டும் இடம் விட்டு வைத்திருக்கிறாராம். அன்று முதல் அவர் வீட்டுக்கு முருங்கைக்காய் வருகிறது, கருவாடு வருகிறது, கூரை ஓடு மாற்ற ஆள் கேளாமலே வருகிறான். போன வெள்ளிக்கிழமை, மனையாவெளிப் பக்கத்து மீன்காரர் ஒருவர் நாலு கீரி மீனைக் கூடுதலாகப் போட்டுவிட்டு, தலையைச் சொறிந்துகொண்டு கேட்டார்:

“அண்ணை, அந்தக் கொப்பியில என்ர பேரும் இருக்கோ?”

கிளாக்கர் கொப்பியை விரித்து, நீலப் பேனாவை உள்ளே வைத்துவிட்டு ஒரு பென்சிலை எடுத்தார்.

“அண்டைக்கு நீர் என்ன செய்யிறதா உத்தேசம், தம்பி? பந்தலோ, கதிரையோ?”

மீன்காரர் சற்று யோசித்து, கதிரை என்றார்.

“எத்தினை?”