262 பேரில் ஒருவர்

இடித்துத் தள்ளிய பிறகும் வளர்ந்துகொண்டே போகிற கட்டடம் ஒன்று கிழக்கு லண்டனில் இருக்கிறது. கிரீன் ஸ்ட்ரீட்டும் பார்க்கிங் ரோடும் சந்திக்கிற முனைக்கு அருகில் இருந்த, வெஸ்ட் ஹாம் யுனைடெட் கால்பந்து அணியின் பழைய மைதானம். காகிதத்தில் அதன் பெயர் போலின் கிரவுண்ட். ஊரார் வாயில் அப்டன் பார்க். 1904 முதல் 2016 வரை அணி குடியிருந்த வீடு. மூடும்போது அதில் 35,000 பேர் உட்காரலாம். மூடி, இடித்து, அந்த மண்ணில் 842 வீடுகள் கட்டிய பிறகுதான் கொள்ளளவு எகிறிவிட்டது. கடைசி ஆட்டத்தின் ராத்திரி "நான் உள்ளே இருந்தேன்" என்று சொல்பவர்களை ஈஸ்ட் ஹாம் வட்டாரத்தில் மட்டும் திரட்டினாலே இரண்டு மைதானம் நிரம்பி, மீதிப் பேர் வெளியே வரிசையில் நிற்பார்கள்.

இவர்களில் மூத்தவர் என் வீட்டுச் சொந்தக்காரர்; நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவர். யாழ்ப்பாணத்துக்காரர். நான் திருச்சி. அவர் வீட்டு மாடி அறைக்கு வாடகைக்குப் போனபோது எனக்குத் தெரிந்த மைதானம் சேப்பாக்கம் ஒன்றுதான். கால்பந்தைப் பற்றிய என் ஞானம் கையால் தொடக் கூடாது என்பதோடு முடிந்துவிடும். அண்ணன் எனக்கு ஆட்டத்தைச் சொல்லித்தரவில்லை. ராத்திரிகளைச் சொல்லித்தந்தார். பகலில் நடந்த ஆட்டங்களை அவர் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

"பகல் ஆட்டம் சின்னப் பிள்ளையளுக்கு, தம்பி. லைட் போட்டாத்தான் வெஸ்ட் ஹாம்."

இதில் ஒரு நியாயம் இருந்தது. பகலில் பார்த்தால் அப்டன் பார்க் ஒன்றும் அழகு ராணி இல்லை. பக்கத்தில் இருந்த பழைய மாளிகை ஒன்றில் ஆன் போலின் தங்கினாள் என்று ஊரில் ஒரு கதை. அதை நம்பி மைதானத்துக்கே தலை வெட்டப்பட்ட ராணியின் பெயர். அணிக்கும் பல பருவங்களில் அதே கதிதான். 2001-ல் புதுக் கேலரி கட்டியபோது வாசலில் இரண்டு கோட்டைக் கோபுரங்களையும் ஒட்டவைத்தார்கள்; பகலில் பார்த்தால் கல்யாண மண்டபத்து அலங்கார வளைவு. இருட்டி விளக்கு எரிந்தால் இதெல்லாம் மறைந்துவிடும். சுற்றிலும் கறுப்பு, நடுவில் ஒரு பச்சைத் துண்டு, நான்கு பக்கமும் கழுத்தை நெரிக்கிற நெருக்கத்தில் மனிதர்கள்.

அதிலும் கிழக்கு கேலரிதான் அண்ணனுக்குக் கருவறை. ஒரு காலத்தில் பலகையும் கோழிக்கூட்டுக் கம்பிவலையுமாக இருந்ததால் அதற்குச் சிக்கன் ரன் என்று பெயர். 1960-களின் கடைசியில் அதை இடித்துப் புதிதாகக் கட்டினார்கள்; கம்பிவலை போனது, பெயர் போகவில்லை. முதல் வரிசைக்காரர் கையை நீட்டினால் த்ரோ எறிய வரும் ஆட்டக்காரரின் சட்டையைத் தொடலாம். சட்டைக்கு எட்டுகிறவர்களுக்குக் காது எட்டாதா? எதிரணிக்காரர் பந்தைக் கையில் எடுத்து நிற்கும் அந்தச் சில விநாடிகளில் அவருடைய பரம்பரை முழுவதும் விசாரிக்கப்பட்டுவிடும். அண்ணன் தன் பங்கைத் தமிழில் செலுத்துவாராம்.

"அவங்களுக்கு எப்படிண்ணே புரியும்?"

"சொல்லு விளங்காட்டியும் தொனி விளங்கும் தம்பி."

அவர் வாழ்க்கை கெட்டது 1986 ஏப்ரல் 21-ஆம் தேதி, திங்கட்கிழமை ராத்திரி. லண்டனுக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகாத இளைஞர். யாரோ கூப்பிட்டார்கள் என்று போனார். எதிரணி நியூகாசில். ஆட்டம் 8–1. அதில் மூன்று கோல் போட்ட ஆல்வின் மார்ட்டின் தற்காப்பு ஆட்டக்காரர். அந்த மூன்றையும் மூன்று வேறு கோல்கீப்பர்களைத் தாண்டிப் போட்டார். நியூகாசிலின் கோல்கீப்பர் காயத்தோடு வெளியேற, கையுறையை மாட்டிக்கொண்ட இன்னொரு ஆட்டக்காரரும் காயப்பட, கடைசியில் முன்வரிசை நட்சத்திரமான பீட்டர் பியர்ட்ஸ்லி கோலுக்குள் போய் நின்றார். அந்தப் பருவத்தில் வெஸ்ட் ஹாம் மூன்றாம் இடம் பிடித்தது. அதற்கு மேல் அவர்கள் இன்றுவரை ஏறியதில்லை. அண்ணனுக்கு இது எதுவும் தெரியாது. கால்பந்து என்றால் வாரம் எட்டு கோல் விழும், கோல்கீப்பர்கள் வரிசையாக ஆஸ்பத்திரிக்குப் போவார்கள் என்று நினைத்துவிட்டார். முதல் நாள் பந்தியில் பிரியாணி போட்ட மெஸ்ஸை நம்பி மாதக் கணக்கு ஆரம்பித்தவர் மாதிரி, அடுத்த வாரமும், அதற்கடுத்த வாரமும், இதோ இந்த வாரம்வரை எட்டாவது கோலுக்காகக் காத்திருக்கிறார்.

அந்த ராத்திரி அவர் போனது உண்மை. சிக்கல், மற்ற ராத்திரிகளில்.

1980-ல் ஸ்பெயினின் காஸ்டியா அணியோடு ஐரோப்பியக் கோப்பை வெற்றியாளர் கோப்பை ஆட்டம். மாட்ரிட்டில் நடந்த முதல் ஆட்டத்தில் வெஸ்ட் ஹாம் 3–1 தோற்றது; கேலரியில் ரசிகர்கள் ரகளையும் செய்தார்கள். தண்டனையாக, அக்டோபர் 1-ஆம் தேதி அப்டன் பார்க்கில் நடந்த மறு ஆட்டத்துக்கு ரசிகர்களை உள்ளே விடக் கூடாது என்று உத்தரவு. கேலரிகள் காலி. ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் திட்டிக்கொள்வது தெளிவாகக் கேட்க, வெஸ்ட் ஹாம் கூடுதல் நேரத்தில் 5–1 என்று ஜெயித்தது. அதிகாரபூர்வமாகப் பதிவான தலைகள் 262. அதிகாரிகள், பத்திரிகைக்காரர்கள் எல்லாம் சேர்த்து.

"அண்டைக்கு உள்ளுக்கு நிண்ட 262 பேரில நான் ஒராள்" என்றார் அண்ணன், ஒருநாள் சாப்பாட்டு மேசையில்.

குசினிக்குள்ளிருந்து அண்ணியின் குரல் வந்தது. "இஞ்சருங்கோப்பா, எண்பதாம் ஆண்டு நீங்கள் சாவகச்சேரியில ஏ.எல். படிச்சுக்கொண்டெல்லோ இருந்தனீங்கள்?"

அண்ணன் புட்டைப் பிசைந்துகொண்டே கொஞ்சம் யோசித்தார். "அப்ப 261 பேர்தான் நிண்டிருப்பினம்."

இப்படி, போகாத ராத்திரியில் இருந்ததாகச் சொல்கிற அதே மனிதர், போன ராத்திரி ஒன்றைப் பற்றி லேசில் பேச மாட்டார். 1999 டிசம்பர், லீக் கோப்பைக் காலிறுதி, ஆஸ்டன் வில்லாவோடு. இரண்டுக்கு இரண்டு; பிறகு பெனால்டியில் வெஸ்ட் ஹாம் 5–4. தொண்டை கட்டி, மூன்று நாள் சைகையில் பேசினாராம். அதற்குள் செய்தி வந்தது: ஆட்டம் முடியச் சில நிமிடங்கள் இருக்கும்போது மாற்று ஆட்டக்காரராக இறங்கிய இளைஞர், அதே பருவத்தில் அதே கோப்பையில் கில்லிங்காமுக்கு ஆடியவர். விதிப்படி இறங்கக் கூடாது. ஜெயித்தது செல்லாது, ஜனவரியில் மறுபடி ஆடு என்றார்கள். ஆடினார்கள். வில்லா 3–1. ரத்தான ராத்திரிக்கும் சேர்த்து அவரிடம் இன்னும் டிக்கெட் இருக்கிறது, பாஸ்போர்ட்டுகள் இருக்கிற அதே பிஸ்கட் டின்னில். "வெற்றியை ரத்துச் செய்யலாம், சரி. என்ர தொண்டையை ஆர் ரத்துச் செய்யிறது?"

உண்மையில் அண்ணனின் பெரும்பாலான அப்டன் பார்க் ராத்திரிகள் பெட்ரோல் ஸ்டேஷனில் கழிந்தவை. பார்க்கிங் ரோட்டில், மைதானத்துக்குக் கூப்பிடு தூரத்தில் நைட் ஷிப்ட். கல்லாவுக்குப் பக்கத்தில் ரேடியோ. டிஜிட்டல் ரேடியோ வந்த பிறகு ஒரு விசித்திரம் நடக்க ஆரம்பித்தது. ஒலிபரப்பு சில விநாடி பிந்தி வரும். மைதானத்துக் கூச்சல் பிந்தாது. கோல் விழுந்தால் முதலில் கதவு வழியாக அந்த இரைச்சல் வரும். ரேடியோவில் அப்போதுதான் யாரோ சாவகாசமாகப் பந்தைக் கடத்திக்கொண்டிருப்பார்கள். அண்ணன் கையிலிருந்த சில்லறையைக் கல்லாவில் போட்டுவிட்டு, டீசலுக்குக் காசு கட்ட நின்ற ஆளிடம் "இப்ப பாரும்" என்பார். ரேடியோக்காரர் கோல் என்று கத்துவார். இவரைத் தீர்க்கதரிசி என்று நம்பி லாட்டரி எண் கேட்டவர்களும் உண்டாம்.

2010 நவம்பர் 30, கொட்டும் பனியில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிரான ஆட்டமும் அப்படித்தான். அண்ணன் பம்புகளுக்கு நடுவே பனியை மண்வெட்டியால் வாரிக்கொண்டிருந்தார். இரைச்சல் ஒன்று. பிறகு இரண்டு. மூன்றாவது வந்தபோது, ஏதோ சண்டை என்று நினைத்தார். நான்காவதுக்கு மண்வெட்டியைப் போட்டுவிட்டு ரேடியோவிடம் ஓடினார். நிஜமாகவே 4–0. அந்தப் பருவத்தின் முடிவில் வெஸ்ட் ஹாம் பட்டியலில் கடைசி இடம் பிடித்து, கீழ்ப் பிரிவுக்கு இறங்கியது. அதை அவர் சொல்ல மாட்டார். நான்தான் தேடித் தெரிந்துகொண்டேன். அப்டன் பார்க் நினைவுகளில் மே மாதம் கிடையாது.

ஒரே ஒரு விதிவிலக்கு, அதுவும் ராத்திரி என்பதால். அதற்கு முன்னால், என்னை அவர் அழைத்துப்போன ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். 2015 ஜனவரி, எவர்ட்டனோடு எஃப்.ஏ. கோப்பை மறு ஆட்டம். குளிரில் கால் விரல்கள் என்னுடையவைதானா என்று குனிந்து பார்த்துக்கொண்டேன். கூடுதல் நேரமும் முடிந்து 2–2. பெனால்டி. உதைக்க ஆள் தீர்ந்துபோய்க் கோல்கீப்பர்கள் முறை வந்தது. எவர்ட்டன் கோல்கீப்பர் உதைத்த பந்து குறுக்குக் கம்பத்தில் பட்டுத் தெறித்தது. எங்கள் அட்ரியான் நடந்து வந்தார். வந்தவர் சட்டென்று இரண்டு கையுறைகளையும் உருவி வீசி எறிந்தார். இனிமேல் இது தேவைப்படாது என்று ஒரு கோல்கீப்பர் சொன்னதை நான் அப்போதுதான் பார்த்தேன். எனக்கு முன் வரிசைத் தாத்தா பார்க்க மாட்டேன் என்று தொப்பியை முகத்துக்கு இழுத்துவிட்டுக்கொண்டார். அவர் பேரன் காதில் நேர்முக வர்ணனை கொடுத்துக்கொண்டிருந்தான். கோல். 9–8. அண்ணன் என்னைக் கட்டிப்பிடித்தார். பிறகு முன்பின் தெரியாத ஒரு பிளம்பரை. ரயில் நிலையத்துக்குக் கிரீன் ஸ்ட்ரீட்டில் நீண்ட வரிசை. சேலைக்கடை வாசலில் போலீஸ் குதிரை ஒன்று, கண்ணாடிக்குள் இருந்த பட்டுப்புடவை பொம்மையை வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றது.

கடைசி ராத்திரி, 2016 மே 10. மறுபடியும் மான்செஸ்டர் யுனைடெட். தெருவில் மதியத்திலிருந்தே சனம். விருந்தாளிகளின் பஸ் நகர முடியாமல் நிற்க, அதன் மேல் பாட்டில்கள் பறந்தன. ஆட்டம் முக்கால் மணி நேரம் தாமதமாகத் தொடங்கியது. வெட்கக்கேடு என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எல்லாரும் அடுத்த வரிக்குத் தாவிவிடுவார்கள். வெஸ்ட் ஹாம் முதலில் அடித்தது, பிறகு 2–1 என்று பின்தங்கியது. அன்டோனியோ சமன் செய்ய, பயே கொடுத்த ஃப்ரீ கிக்கை வின்ஸ்டன் ரீட் தலையால் முட்ட, 3–2. முடிந்ததும் பழைய நாயகர்கள் லண்டன் கறுப்பு டாக்சிகளில் ஏறி மைதானத்துக்குள்ளேயே வந்து இறங்கினார்கள். அண்ணன் அன்று நிஜமாகவே உள்ளே இருந்தார். ஷிப்ட் மாற்றிக்கொள்ள யாரும் சம்மதிக்காததால் காய்ச்சல் வந்திருந்தது.

இதற்கு மூன்று நாள் முன்பு, சனிக்கிழமை பகலில், இதே மைதானத்தில் வெஸ்ட் ஹாம் ஸ்வான்சியிடம் 4–1 தோற்றது. அந்த ஆட்டத்துக்குப் போனதாகச் சொல்லும் ஒருவரையும் நான் இதுவரை சந்தித்ததில்லை. மைதானம் நிறைய ஆள் இருந்தது. எங்கே போனார்கள் என்றுதான் தெரியவில்லை.

பிறகு அணி ஸ்ட்ராட்ஃபோர்டுக்குப் போனது. 2012 ஒலிம்பிக்ஸுக்குக் கட்டிய அரங்கம், 99 வருஷக் குத்தகை. இப்போது 62,500 பேர் உட்காரலாம். ஓட்டப்பந்தயத்துக்காகக் கட்டியது என்பதால் முதல் வரிசையே தூரம். அங்கிருந்து எதிரணிக்காரரைத் திட்டினால் கூரியரில்தான் போய்ச் சேரும். அண்ணனின் தமிழ் அடியோடு வீணாகிவிட்டது. 2022 மார்ச்சில் அங்கே செவில்லாவைக் கூடுதல் நேரத்தில் வீழ்த்தி, மொத்த அரங்கமும் நடுங்கியபோது அவர் வழங்கிய உச்சபட்ச விருது: "இண்டைக்கு அப்டன் பார்க் மாதிரி இருந்தது." 2023-ல் ப்ராக் நகரில் ஃபியோரெண்டினாவை 2–1 வென்று, 43 வருஷத்துக்குப் பிறகு ஒரு பெரிய கோப்பை வந்தது. அழுதார். அழுது முடித்து, "பழைய இடத்தில இருந்திருந்தால் எப்பிடி இருந்திருக்கும்" என்றார். எங்கே இருந்திருந்தாலும் இறுதி ஆட்டம் ப்ராக்கில்தான் நடந்திருக்கும் என்று நான் சொன்னேன். ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அந்த 842 வீடுகளில் ஒன்றை அவர் தங்கையின் மகள் வாங்கினாள். பால் காய்ச்சும் நாளில் நாங்களும் போயிருந்தோம். மூன்றாம் மாடி. உறவுக்காரர்கள் ஜன்னலையும் குளியலறைக் குழாயையும் பாராட்டிக்கொண்டிருக்க, அண்ணன் கூடத்தில் அடிமேல் அடிவைத்து அளந்துகொண்டிருந்தார். குசினி வாசலில் நின்றார்.

"பிள்ளை, அட்ரியான் பெனால்டி அடிச்ச இடம் இது. இதிலயே அடுப்பு வைக்கிறாய்?"

"மாமா, இது மூண்டாம் மாடி."

"அதுக்கென்ன? எங்கட ஆக்கள் அடிச்ச பெனால்டி கனக்க இந்த உயரத்தாலதான் போனது."

ஐயர் கலசத்தை எடுத்துக்கொண்டு, கிழக்கு எந்தப் பக்கம் என்று கேட்டார். இளைஞர்கள் போனை எடுத்தார்கள். ஒவ்வொரு போனும் ஒவ்வொரு திசையைக் காட்டியது. அண்ணன் யோசிக்கவே இல்லை. கையை நீட்டினார். "ஐயா, சிக்கன் ரன் பக்கம் பாத்து வையுங்கோ."

ஐயர் மறுபேச்சில்லாமல் திரும்பிக் கலசத்தை வைத்தார். எனக்கு ஆச்சரியம். "ஐயாவும் வெஸ்ட் ஹாமோ?" என்றார் அண்ணன், முகமெல்லாம் பல்லாக.

"இல்லை, நான் டாட்டன்ஹாம். உங்களை அடிக்கிறதைப் பாக்க வாறனான்."

அண்ணன் தட்சணைத் தட்டில் வைக்க எடுத்த இருபது பவுண்டு நோட்டை மடித்துப் பைக்குள் போட்டுவிட்டு, பத்து பவுண்டு நோட்டு இருக்கிறதா என்று என்னிடம் கேட்டார்.