பி.இ.க்குப் பின் என்ன? – ஆரணித் தறிகளை முன்வைத்து ஓர் ஆய்வு

பி.இ. முடித்தவன் மேலே படிப்பதா, வேலைக்குப் போவதா என்பதை இதுகாறும் ஆராய்ந்தோர் அனைவரும் சம்பந்தப்பட்ட பையனையே விசாரித்துக் கெட்டார்கள். முடிவெடுப்பதில் அவனுக்குப் பங்கு உண்டு என்பதற்குச் சான்று ஏதும் கிடைக்காததால், இவ்வாய்வு நேரே தறியிடம் செல்கிறது. களம் ஆரணி. பட்டுச் சேலைக்குப் புவிசார் குறியீடு பெற்ற ஊர். தச்சூரில் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரியே இருப்பதால் பொறியாளர்களுக்கும் பஞ்சமில்லை. மாதிரியாக ஒரு தெரு எடுத்துக்கொள்ளப்பட்டது. அதிலும் நிழல் விழும் பக்கம் மட்டும்.

முதல் தரவு, அப்பாவின் வாக்குமூலம்: "இந்தப் பாவு முடியட்டும், பாத்துக்கலாம்." இதை ஒத்திப்போடல் என்று கருதுவது மேலோட்டமான வாசிப்பு. பாவு என்பது தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்; பழைய பாவின் முனையோடு புதுப்பாவை இழை இழையாகப் பிணைத்துவிடுகிறார்கள். ஆகவே 'பாவு முடிந்தது' என்ற நிலையே அந்த வீட்டில் ஏற்படுவதில்லை. வேலையா படிப்பா என்ற கேள்விக்கு ஏன் ஆண்டுக்கணக்கில் விடை வரவில்லை என்பது இதனால் விளங்கும்.

இந்த இடைவெளியில் விளைவதே 'கேட்டுக்குப் படிக்கிறான்' என்னும் மூன்றாம் நிலை. வேலையும் இல்லை, படிப்பும் இல்லை, ஆனால் மதிப்பு குறையாது. கேட் (GATE) என்பது எம்.இ. படிப்புக்கான தேசியத் தகுதித் தேர்வு: 3 மணி நேரம், 65 கேள்வி, 100 மதிப்பெண். வாங்கிய மதிப்பெண் 3 ஆண்டு செல்லும் என்பதால், ஒருமுறை எழுதியவன் தெருவுக்கு நெடுநாள் பதில் சொல்லலாம். தேர்வு வருவது பிப்ரவரியில். அதாவது தை, மாசி முகூர்த்தச் சேலைகளுக்காகத் தறி ஓயாத நாளில். தெர்மோடைனமிக்ஸின் இரண்டாம் விதியைப் புரட்டிக்கொண்டிருப்பவனிடம் தார் (நாடாவில் வைக்கும் ஊடை நூல் கண்டு) சுற்றச் சொல்வது அறிவியலுக்குச் செய்யும் துரோகம் என்று பையன் தரப்பு வாதிடுகிறது. சரிகை ஊடைக்குத் தார் இல்லாவிட்டால் தறி நிற்கும் என்பது அம்மாவின் தரப்பு. அம்மாவின் தரப்பே ஆதாரமுள்ளது.

பொருளாதாரக் கூறு அடுத்தது. கேட் தகுதியோடு எம்.இ. சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. இதைக் கேட்ட நெசவாளர் ஒருவரின் எதிர்வினை ஆய்வாளரைத் திகைக்க வைத்தது: "படிக்கிறவனுக்கே கூலி குடுக்கறானா? அப்ப வேல செய்யறவனுக்கு இன்னா குடுப்பான்?" ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் ட்ரெய்னியாகச் சேர்ந்த பக்கத்து வீட்டுப் பையனிடம் சம்பளம் எவ்வளவு என்று கேட்டார். அறை வாடகையும் மெஸ் பில்லும் போக மீதியைச் சொன்னான். பிறகு அவர் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை, எம்.இ. விண்ணப்பத்துக்குப் பணம் மட்டும் கொடுத்தார்.

கல்விக்கடனின் தாக்கத்தை ஒரு வரியில் முடிக்கலாம்: படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கிடையாது, பதினொன்றாம் மாதம் கல்வித் தாகம் பீறிடுகிறது.

பெண் பொறியாளர் விஷயத்தில் மேற்கண்ட கோட்பாடு செல்லாது. அங்கே பாவு முடிவதற்கு யாரும் காத்திருப்பதில்லை. "எம்.இ. படிச்சா எம்.இ. படிச்ச மாப்பிள்ளையில்ல தேடணும்" என்று பெரியம்மா ஒருவர் கணக்கை முடித்துவிடுகிறார். பி.இ. மாப்பிள்ளைக்கு எம்.இ. பெண் ஏன் ஆகாது என்று ஆய்வாளர் கேட்டபோது காப்பி வந்தது, பதில் வரவில்லை. 2023 முதல் எம்.இ. சேர்க்கைக்கு அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் 'சீட்டா' நுழைவுத் தேர்வுக்கு, அந்த வீட்டுப் பெண் ஏற்கெனவே விண்ணப்பித்துவிட்டாள். கட்டணம் தார் சுற்றிச் சேர்த்த காசு. பெரியம்மாவுக்கு இந்தக் கட்டுரையைப் படித்துக் காட்ட வேண்டாம்.