நாடியைத் தொடாத டாக்டரும் ஹைதராபாத் நாய்களும்

1848 ஜனவரியில் இங்கிலாந்தில் ஹன்னா கிரீனர் என்ற 15 வயதுப் பெண், கால்விரல் நகத்தை எடுக்கப் போய் உயிரையே விட்டாள். கொடுத்தது குளோரோஃபார்ம். அது கொன்றது இதயத்தை நிறுத்தியா, மூச்சை நிறுத்தியா? லண்டன் டாக்டர்கள் பலர் இதயம் என்றார்கள். எடின்பரோக்காரர்கள் மூச்சு என்றார்கள். நாற்பது வருஷம் இழுத்த இந்தப் பஞ்சாயத்துக்குத் தீர்ப்புச் சொல்ல ஹைதராபாத்தில் ஒருவர் இருந்தார்: பிரிட்டிஷ் ரெசிடென்சியின் சர்ஜன் எட்வர்ட் லாரி.

லாரி எடின்பரோ சரக்கு, அங்கத்திய சர்ஜன் ஜேம்ஸ் சைமின் சீடர். குரு உபதேசம் ஒன்றே ஒன்றுதான்: மூச்சைப் பார், நாடியைப் பார்க்காதே. நம்மூரில் நாடி பிடிக்காதவனை வைத்தியன் என்றே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். குளோரோஃபார்மால் நேரடியாக இதயம் நிற்பதே இல்லை என்று லாரி அடித்துச் சொன்னார். பார்த்தால்தானே தெரிவதற்கு!

1888-ல் நிஜாம் மஹபூப் அலி கான் தயவில் இதை விசாரிக்க முதல் குளோரோஃபார்ம் கமிஷன் உட்கார்ந்தது. தெருநாய்களுக்குக் குளோரோஃபார்ம். எல்லாவற்றுக்கும் மூச்சு நின்ற பிறகே இதயம் நின்றதாம். லண்டன் லான்செட் பத்திரிகை நம்பவில்லை. நிஜாம் ஆயிரம் பவுண்டை எடுத்து வைத்து, உங்கள் ஆளையே அனுப்புங்கள் என்றார். ரோஷக்கார மனுஷர். 1889-ல் லான்செட்டின் ஆளாக டாக்டர் லாடர் பிரண்டன் கப்பலேறி வந்தார். வரும்போது அவர் இதயக் கட்சி.

பிறகு நடந்தது வதைதான். நாய், குரங்கு, குதிரை, ஆடு, பூனை, முயல் என 490 ஜீவன்கள். சிலவற்றின் ரத்தக்குழாயில் குழாயைச் செருகி, அழுத்தம் ஏறி இறங்குவதைச் சுழலும் உருளையில் கோடாக இழுத்தார்கள். சிலதுக்கு முன்கூட்டியே மார்ஃபின் ஊசி, சிலதுக்குக் காபி, சிலதுக்கு ரம். கல்யாணப் பந்திகூட அவ்வளவு விமரிசையாக நடக்காது. மயக்கம் கொடுத்தவர்களில் ஹைதராபாத் மருத்துவப் பள்ளி மாணவி ரூபாபாய் ஃபர்தூன்ஜியும் உண்டு. உலகின் முதல் பெண் மயக்க மருத்துவர்களில் ஒருவர் என்று இன்று கொண்டாடுகிறோமே, அவர்தான். டிசம்பரில் பிரண்டன் லண்டனுக்குத் தந்தி அடித்தார்: ஆபத்து மூச்சுத் திணறலும் அளவு மீறுவதும்தான், இதயத்துக்கு நேரடி ஆபத்து துளியும் இல்லை. கட்சி மாறியாச்சு!

ஆனால் இதயம் தந்தியைப் படிக்கவில்லை. 1911-ல் டாக்டர் குட்மன் லெவி பூனைகளை வைத்து விஷயத்தைப் போட்டு உடைத்தார். ஆழ்ந்த மயக்கத்தில் அல்ல, அரை மயக்கத்தில்தான் வினை. அப்போது அட்ரினலின் பொங்கினால் இதயம் துடிப்பதை விட்டுவிட்டு வெறுமனே நடுங்கி நின்றுவிடும். ஹைதராபாத்தில் நாய்களை ஆழத்துக்கே இழுத்துக்கொண்டு போனார்கள். அரை மயக்கத்தில் நிறுத்தி வேடிக்கை பார்க்க யாருக்கும் பொறுமை இல்லை. ஹன்னாவோ பயந்து நடுங்கியபடிதான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

காலப்போக்கில் குளோரோஃபார்ம் போய், டெஸ்ஃப்ளூரேன் போன்ற புது மயக்க மருந்துகள் வந்தன. டெஸ்ஃப்ளூரேன் அளவைச் சட்டென்று ஏற்றினால் இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் எகிறும். அதனால் முதலில் கொஞ்சம் ஃபென்டனில் ஊசி. அபினின் நவீனப் பேரன். துள்ளல் பெருமளவு அடங்கிவிடும். ஹைதராபாத்தில் விலங்குகளுக்கு முன்கூட்டியே மார்ஃபின் என்ற அபின் சரக்கை ஊசி போட்டவர்கள் இந்த உத்திக்குக் கிட்டே வரை போனார்கள். பக்கத்திலேயே ரம் பாட்டிலும் இருந்துவிட்டதே!